மலையடிவார நிலத்தை அறிந்து பயிர் செய்வோம்
நிலப்பிளவும் வண்டல் விசிறியும் ஆற்றுப்படியும்

குற்றாலம், மேக்கரை, பண்பொழி, கடையநல்லூர், கடையம் ஆகிய ஊர்களின் மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும் உழவர்கள் அறிந்த செய்தி ஒன்று உண்டு. மலையை ஒட்டிய வயலில் மண்வெட்டி போட்டால் கல் இடிக்கும். கிழக்கே போகப்போகக் கல் சிறுத்துச் சரளையாகும். அதற்கும் அப்பால் மணல் கலந்த செம்மண் வரும். தாழ்ந்த இடங்களில் வண்டலும் களியும் தென்படும். கிணறுகளும் இப்படித்தான். ஒருவர் கிணற்றில் கோடையிலும் ஊற்று நிற்கும். அடுத்த வயலில் அதே ஆழத்திற்கு வெட்டியவர் பாறையைத்தான் கண்டிருப்பார்.

இதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுவதற்கில்லை. மலை எப்படி உயர்ந்தது, அதிலிருந்து இறங்கும் ஓடை எதை எங்கே இறக்கி வைத்தது என்பதற்கு ஏற்பவே மண்ணும் நீரும் அமைந்துள்ளன. கடன் வாங்கிக் கிணறு வெட்டுமுன், தென்னை வைக்கக் குழி எடுக்குமுன், வயலில் வீடு கட்டுமுன் இந்த அமைப்பை அறிந்துகொண்டால் வீண் செலவைப் பெருமளவு தவிர்க்கலாம். இதற்குக் கருவி அதிகம் வேண்டியதில்லை. கண்ணும் கடப்பாரையும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

நிலப்பிளவு என்பது என்ன?

பூமியின் மேலோடு பாறையால் ஆனது. அந்தப் பாறையில் வெடிப்பு உண்டாகி, வெடிப்பின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட உயர்ந்தோ, தாழ்ந்தோ, பக்கவாட்டில் நகர்ந்தோ போய்விடுவதையே நிலப்பிளவு என்கிறோம். வெறும் வெடிப்பு வேறு, பிளவு வேறு. பிளவில் இரு பக்கமும் இடம் பெயர்ந்திருக்கும்.

பிளவுகளில் இரு வகை உண்டு. இன்றும் நகர்ந்துகொண்டிருப்பவை இயங்கும் பிளவுகள். இவை திடீரென்று நகரும்போது நிலநடுக்கம் உண்டாகிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நகர்ந்து நின்றுவிட்டவை ஓய்ந்த பிளவுகள். ஓய்ந்த பிளவு நிலத்தை உயர்த்துவதில்லை. ஆயினும் அந்த இடத்துப் பாறை நொறுங்கியிருப்பதால் மழைநீர் அதன் வழியே எளிதில் இறங்கி, பாறையை உளுக்கச் செய்கிறது. காலப்போக்கில் அவ்விடம் பள்ளமாகி, ஓடைக்கும் ஆற்றுக்கும் வழியாகிறது.

தென்காசி வழியே செல்லும் பழம்பிளவு

கேரளத்தின் அச்சன்கோவில் பகுதியிலிருந்து தென்கிழக்காகத் தென்காசிப் பக்கம் நீளும் பெரும் பிளவு மண்டலம் ஒன்று உண்டு. நிலவியலார் இதை அச்சன்கோவில் பிளவு மண்டலம் என்பர். இது ஒற்றைக் கோடு அன்று. 100 கிலோமீட்டருக்கு மேல் நீளமும், பல கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு பட்டை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் மிகுந்த ஆழத்தில், இரு பெரும் பாறைத் தொகுதிகள் ஒன்றையொன்று உரசி நெருக்கின. இடையில் இருந்த பாறை, திரிகைக் கற்களுக்கு நடுவே அகப்பட்ட தானியம்போல் நசுங்கியது. மேலிருந்த பாறைகள் நெடுங்காலம் தேய்ந்து போனதால் அந்தப் பட்டை இன்று தரைமட்டத்தில் தெரிகிறது. கேரளத்தில் அச்சன்கோவில் ஆறு வடமேற்காக ஏறக்குறைய நேராக ஓடுவது இந்தப் பட்டையின் போக்கை ஒட்டியே ஆகும்.

சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் தீவு இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து பிரிந்தது. அந்தக் காலத்திலும் அதன் பின்னும் மேற்குத் தொடர்ச்சி மலை உயரமும் வடிவும் பெற்றது. மலையில் பழைய பிளவுகளும் வெடிப்புகளும் இருந்த இடங்களை மழை அரித்தது. கெட்டியான பாறைகள் செங்குத்தாக நின்றன. ஆரியங்காவு, செங்கோட்டை வழியாக உள்ள கணவாய் மலைத்தொடரில் உள்ள தாழ்ந்த இடமாகும். 1904-இல் கொல்லம் இரயில் பாதை இவ்வழியேதான் அமைந்தது. தென்மேற்குப் பருவக்காற்றும் இவ்வழியே புகுந்து ஆனி, ஆடி மாதங்களில் நமக்குச் சாரலைத் தருகிறது.

இங்கு ஒன்றைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். நம் பகுதிப் பிளவு இமயமலைப் பிளவுகளைப்போல் ஆண்டுதோறும் மலையை உயர்த்திக்கொண்டிருக்கும் பிளவு அன்று. தென்னிந்தியாவில் நிலநடுக்கம் அறவே இல்லை என்பதும் சரியன்று. 1900 பிப்ரவரி 8-இல் கோயமுத்தூர்ப் பகுதியிலும், 2000 டிசம்பர் 12-இல் கேரளத்தின் கோட்டயம், இடுக்கி எல்லையிலும் நிலம் அதிர்ந்தது. ஆனால் நம் மலையடிவாரத்து மேடு பள்ளங்களை முக்கியமாக உருவாக்கியவை மழையும் அருவியும் ஓடையும்தாம். அவை எந்த வழியே இறங்க வேண்டும் என்பதற்குப் பழம்பிளவுகளும் வெடிப்புகளும் இடம் வகுத்துக் கொடுத்தன.

வண்டல் விசிறி உண்டாகும் விதம்

ஓடும் நீரின் வேகம் இருமடங்கானால் அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியல் கணக்கு. ஆகவே செங்குத்தான மலையில் இறங்கும் காட்டாறு ஆள் உயரப் பாறையையும் புரட்டிவிடும். அதே நீர் மலையைவிட்டுச் சமதரைக்கு வந்ததும் வேகம் குறைகிறது. உடனே பெரிய கற்களைக் கீழே போடுகிறது. சற்றுத் தள்ளிச் சரளையையும், அதன்பின் மணலையும், கடைசியில் நுண்ணிய வண்டலையும் களியையும் இறக்குகிறது.

போட்ட கல்லே ஓடையின் வழியை அடைத்துவிடுவதால் அடுத்த வெள்ளத்தில் நீர் வேறு பக்கம் திரும்புகிறது. இப்படி இடமும் வலமும் மாறிமாறி ஓடிப் பரப்பிய மண், பனையோலை விசிறியை விரித்து வைத்ததுபோல் அமைகிறது. கைப்பிடி இருக்கும் இடம் ஓடை மலையைவிட்டு வெளிவரும் வாய். இதையே வண்டல் விசிறி என்கிறோம். பல ஓடைகளின் விசிறிகள் அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டால் மலையடிவாரம் முழுவதும் ஒரே சரிவாகத் தோன்றும்.

குற்றாலம் பேரருவியில் விழுந்து தென்காசி வழியாகக் கிழக்கே ஓடும் சிற்றாறு சுமார் 80 கிலோமீட்டர் சென்று சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. குண்டாறு, அனுமன்நதி, கருப்பாநதி முதலியனவும் இம்மலையில் பிறந்து சமவெளிக்கு இறங்குபவையே. இவை ஒவ்வொன்றும் மலையைவிட்டு வெளிவரும் இடத்தில் கல்லையும் மணலையும் தரம் பிரித்து வைத்துள்ளன. இமயமலை அடிவாரத்தைப்போல் இங்கு விசிறி நூற்றுக்கணக்கான அடி கனம் உடையதன்று. கீழே கெட்டிப் பாறை விரைவில் வந்துவிடுவதால் இந்த மெல்லிய படிவத்தைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும்.

ஆற்றுப்படி உண்டாகும் விதம்

ஆறு ஒரு மட்டத்தில் நெடுங்காலம் ஓடினால் இரு கரையிலும் வண்டலைப் பரப்பிச் சமநிலம் உண்டாக்கும். பின்னர் ஏதோ ஒரு காரணத்தால் ஆறு தன் படுகையை ஆழமாக வெட்டிக்கொண்டு கீழிறங்கினால், பழைய சமநிலம் உயரத்தில் தங்கிவிடும். அதற்குமேல் வெள்ளம் ஏறாது. இதுவே ஆற்றுப்படி. ஆறு பலமுறை இறங்கினால் கோயில் குளத்துப் படித்துறைபோல் பல படிகள் அமையும். உயரத்தில் உள்ள படி பழையது. ஆற்றை ஒட்டியது புதியது.

ஆறு கீழே வெட்டுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, மேற்பகுதி நிலம் பிளவினால் உயர்வது. இரண்டாவது, மழையின் அளவு மாறி, நீர் மிகுந்து வண்டல் குறைவது. மூன்றாவது, ஆற்றின் கடைப்பகுதி அல்லது கடல் மட்டம் தாழ்வது. நம் காலத்தில் மனிதனும் ஒரு காரணமாகிவிட்டான். ஆற்று மணலை அளவுக்கு மீறி அள்ளினால் படுகை தாழ்கிறது. கரை வயல் உயரத்தில் நிற்கிறது. கால்வாயின் தலைமதகில் நீர் ஏறுவதில்லை.

இயங்கும் பிளவு உள்ள இடங்களில்

பிளவு இயங்கினால் நிலம் எவ்வாறு மாறும் என்பதற்கு வட இந்தியா நல்ல எடுத்துக்காட்டு. இந்திய நிலப்பரப்பு ஆண்டுக்கு 4 முதல் 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து ஆசியாவை நெருக்குகிறது. இதில் சுமார் 2 சென்டிமீட்டர் நெருக்கத்தை இமயமலை தாங்குகிறது. அம்மலையின் தென் அடிவாரத்தை ஒட்டி நீண்ட பிளவு செல்கிறது. மலைப்பக்கம் உயரும்போதெல்லாம் ஆறுகள் தம் பழைய படுகையை வெட்டி இறங்குகின்றன. பழைய ஆற்றுக் கற்கள் இன்றைய ஆற்றுக்கு மேலே பல மீட்டர் உயரத்தில் படிகளாக நிற்பதை டேராடூன் பகுதியில் காணலாம். மலை உயர்ந்தால் சரிவும் கூடும். பெருங்கற்கள் உருண்டு வந்து விசிறிக்கு மேல் விசிறி படியும். ஆறு பழைய விசிறியின் தலையை அறுத்துக்கொண்டு போய்ச் சற்றுக் கீழே புதிய விசிறியை விரிக்கும்.

குஜராத்தில் கட்ச் பகுதியில் 1819 ஜூன் 16-இல் ஏற்பட்ட நிலநடுக்கம் இன்னும் வியப்பானது. அன்று சமவெளியின் குறுக்கே 80 கிலோமீட்டருக்கு மேல் நீளமான மேடு ஒன்று எழும்பியது. அது சிந்து நதியின் கிளை ஒன்றை மறித்துவிட்டது. மனிதர் கட்டாத அந்த அணைக்கு மக்கள் 'அல்லா பந்து', அதாவது கடவுளின் கரை என்று பெயரிட்டனர். 1826-இல் வந்த வெள்ளம்தான் அதை உடைத்துக்கொண்டு வழி கண்டது.

விசிறியில் ஓடும் ஆறு ஓரிடத்தில் நிற்காது என்பதற்குப் பீகாரின் கோசி ஆறு சான்று. இரு நூற்றாண்டுகளில் அது தன் விசிறியின்மேல் 100 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நகர்ந்தது. பின்னர் கரை கட்டி அடக்கினர். 2008 ஆகஸ்ட் 18-இல் நேபாளத்தின் குசாஹாவில் கரை உடைந்தது. ஆறு கிழக்கே இருந்த தன் பழைய தடத்திற்கே திரும்பியது. பல இலட்சம் மக்கள் வீடு வாசல் இழந்தனர். நம் ஓடைகள் சிறியவை; ஆனால் அவற்றின் குணமும் இதுவே.

உங்கள் நிலத்து மேடு எவ்வகை?

வயலில் இரண்டு மூன்று அடி உயரத்தில் மேடு இருந்தால், அதன் ஓரத்தை வெட்டிப் பாருங்கள்.

1. மேடு ஆற்றின் வளைவை ஒட்டி வளைந்து சென்று, மேல்மண்ணுக்கு அடியில் உருண்டை கூழாங்கற்கள் இருந்தால் அது ஆற்றுப்படி. தட்டையான கற்கள் நீர் வந்த திசையை நோக்கித் தாழ்ந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். அதைக்கொண்டு பழைய ஆறு எப்பக்கமிருந்து வந்தது என்று கூறலாம்.

2. கற்கள் கூர் மழுங்காமல், பெரிதும் சிறிதும் மண்ணும் கலந்து கிடந்தால், அவை அருகிலுள்ள மலையிலிருந்து சரிந்தோ சேறும் கல்லுமாகப் பெருகிய வெள்ளத்திலோ வந்தவை. இது விசிறியின் தலைப்பகுதி.

3. கூழாங்கல் வரிசை எதுவும் இல்லாமல் வயல் மண்ணே குவிந்திருந்தால் அது நம் முன்னோர் சமன் செய்து போட்ட வரப்பு.

4. மேடு ஆற்றின் வளைவைப் பொருட்படுத்தாமல் நேர்க்கோடாகச் சென்று, ஓடையைத் தாண்டி மறுகரையிலும் தொடர்ந்து, மேட்டுப்பக்கக் கிணற்றிலும் பள்ளத்துப்பக்கக் கிணற்றிலும் பாறை வேறுபட்டால், அங்குப் பிளவு இருக்கலாம். ஆனால் கெட்டிப் பாறை நீட்டிக்கொண்டிருந்தாலும் இப்படி நேர்மேடு அமையும். ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது.

மூன்று பகுதிகளும் ஏற்ற பயிரும்

தலைப்பகுதி: கல்லும் சரளையும் மிகுந்தது. நீர் நிற்காது, இட்ட உரமும் நீரோடு இறங்கிவிடும். நெல்லுக்கு ஏற்றதன்று. மா, தென்னை போன்ற மரப்பயிர்கள் வைக்கலாம். குழியைப் பெரிதாக எடுத்துத் தொழுவுரமும் குளத்து வண்டலும் கலந்து நிரப்ப வேண்டும். சொட்டுநீர்ப் பாசனம் மிக ஏற்றது. தழைச்சத்தை ஒரே தடவையில் இடாமல் பலமுறை பிரித்து இட வேண்டும்.

நடுப்பகுதி: மணல் கலந்த செம்மண். எலுமிச்சை, காய்கறி, சிறிய வெங்காயம், நிலக்கடலை முதலியவற்றிற்கு ஏற்றது. மணல் மிகுந்து நீர் விரைவில் இறங்கும் வயலுக்கு எக்டருக்கு 100 டன், அதாவது ஏக்கருக்கு 40 டன் குளத்து வண்டல் இடலாம். உரிய அனுமதி பெற்றே வண்டல் எடுக்க வேண்டும். கல் இல்லாத மணற்பாங்கான வயலில் மழையோ பாசனமோ முடிந்த மறுநாள், தக்க ஈரத்தில், 400 கிலோ எடையுள்ள கல் உருளையை 8 முதல் 10 முறை உருட்டி மண்ணை இறுக்கி, பின் மேலாக உழுது விதைத்தால் நீரும் உரமும் வீணாவது குறையும்.

கடைப்பகுதி: வண்டலும் களியும். மேலே இறங்கிய நீர் இங்குக் கசிந்து வெளிப்படும். கார், பிசானம் என இரு போகமும் நெல் விளையும் நிலங்கள் பல இத்தகையனவே. இங்கு வடிகால் அவசியம். தென்னையோ வாழையோ வைப்பதானால் மேட்டுப் பாத்தி அமைத்து, இடையில் வடிகால் வெட்ட வேண்டும்.

இமயமலை அடிவாரத்திலும் இதே அமைப்பு பெரிய அளவில் உண்டு. மேலே உள்ள கற்பட்டையைப் 'பாபர்' என்பர். ஓடைகள் அங்கு மண்ணுக்குள் மறைந்துவிடும். கீழே உள்ள ஈரப்பட்டையைத் 'தராய்' என்பர். மறைந்த நீர் அங்கு ஊற்றாக மீண்டும் எழும்.

கிணறு வெட்டுமுன்

அருகிலுள்ள பத்துக் கிணறுகளைப் பார்த்து, ஒவ்வொன்றிலும் மண் எத்தனை அடி, சரளை எத்தனை அடி, உளுத்த பாறை எத்தனை அடி, கெட்டிப் பாறை எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சித்திரையில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். இதை ஒரு தாளில் வரைபடமாகப் போட்டால் சரளையும் உளுத்த பாறையும் எப்பக்கம் கனமாக உள்ளன என்பது தெரியும். கனம் மிகுந்த இடமே கிணற்றுக்கு ஏற்றது.

பிளவுக்கோடு நீருக்கு இரண்டு விதமாக உதவும். நொறுங்கிய பாறை, மண்ணுக்கடியில் உள்ள வாய்க்கால்போல் நீரைக் கொண்டுவரும். அது நன்கு உளுத்துக் களியாகிவிட்டால் மண்ணுக்கடியில் உள்ள கரைபோல் நீரைத் தடுக்கும். தடுக்கும் இடத்தில் மேட்டுப்பக்கக் கிணற்றில் நீர் நிற்கும், பள்ளத்துப்பக்கம் வறண்டிருக்கும். கோடையிலும் பசுமை மாறாத மரவரிசையும், வரப்போரக் கசிவும் இதற்கு அடையாளங்கள். இறுதி முடிவு எடுக்குமுன் வேளாண்மைப் பொறியியல் துறையினரை அணுகி, மின்தடை முறையில் நிலத்தடி நீர் ஆய்வு செய்துகொள்ளுதல் நலம். கற்படுகையில் கிணறு வெட்டினால் பக்கம் சரியும். உறை இறக்கியோ கட்டியோ மேற்பகுதியைக் காக்க வேண்டும்.

ஓடையைப் பேணுதல்

விசிறியின் தலைப்பகுதியே கீழே உள்ள எல்லாக் கிணறுகளுக்கும் நீர் புகும் வாய். அங்குள்ள கல்லையும் மணலையும் அள்ளி விற்றால் அல்லது ஓடையை அடைத்தால், பாதிப்பு அங்கு தெரியாது. கிழக்கே உள்ளவர் கிணற்றில் தெரியும். எனவே இது தனி ஒருவர் காரியம் அன்று. ஊர் கூடிச் செய்ய வேண்டியது. சிறு தடுப்பணைகளும் கசிவுநீர்க் குட்டைகளும் தலைப்பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் இடையில் அமைந்தால் பயன் மிகுதி. களிமண் கடைப்பகுதியில் கசிவுநீர்க் குட்டை வெட்டுவதால் நிலத்தடி நீர் அதிகம் ஊறாது.

ஓடை காய்ந்திருப்பதைக் கண்டு அதன் தடத்தில் வீடோ மாட்டுக் கொட்டகையோ மின்மோட்டார் அறையோ கட்டாதீர்கள். ஊரில் வெயில் அடிக்கும்போதே மலையில் மழை பெய்து வெள்ளம் இறங்கிவிடும். 2024 மே 17-இல் பழைய குற்றாலம் அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோயிற்று. வயலில் பெரிய உருண்டைக் கற்கள் வரிசையாகக் கிடந்தால், அவ்வழியே ஒருகாலத்தில் வெள்ளம் வந்திருக்கிறது என்று பொருள். அது மீண்டும் வரக்கூடும். வீட்டிற்குப் பழைய, உயர்ந்த ஆற்றுப்படியைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

இந்தக் கோடையில் உழவு தொடங்குமுன் ஒரு நாள் ஒதுக்கி, உங்கள் ஓடையின் மலைவாயிலிருந்து கடைசி வயல்வரை நடந்து பாருங்கள். அரைக் கிலோமீட்டருக்கு ஓரிடத்தில் முழ ஆழம் தோண்டி, கல்லின் பருமனையும் மண்ணின் தன்மையையும் எழுதிக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்து உழவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எழுதிய தாளை எடுத்துக்கொண்டு வேளாண்மை அலுவலரைச் சந்தித்துப் பயிரும் கிணறும் தீர்மானித்துப் பயன் பெறுங்கள்.